உயரத்தின் விலை: கோவையிலிருந்து உதகைக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

கொங்கு நாட்டுச் சிற்றூர் எதிலேனும் வயது முதிர்ந்த குடியானவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்; கவலை இறைத்த கதையை அவர் சொல்லுவார். கிணற்றோரத்தில் சரிவாக வெட்டிய தடம். அந்தச் சரிவில் எருதுகள் இறங்கிச் செல்லும்; கிணற்றிலிருந்து தண்ணீர்ப் பறி மேலேறி வரும். எருதுகளைச் சமதரையில் நடக்கவிடாமல் ஏன் சரிவில் இறக்கினார்கள்? இறங்கும்போது எருதின் உடல் எடையும் சேர்ந்து கயிற்றை இழுக்கும் என்பதுதான் காரணம். ஆனால் பறியைக் கொட்டிய பிறகு எருதுகள் தம் உடலைத் தாமே சுமந்து மீண்டும் மேட்டுக்கு ஏறியாக வேண்டும். இறக்கத்தில் கிடைத்த உதவியை ஏற்றத்தில் திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும்.

இயற்பியல் சொல்லும் பேருண்மை ஒன்று இந்தக் கவலைத் தடத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளை உயர்த்த வேண்டுமானால் அதன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற வேலையைச் செய்தே ஆக வேண்டும். எந்த வழியாக ஏற்றினாலும் அந்த விலை குறைவதில்லை. தவணை முறையில் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வேறொருவர் தலையில் கட்டலாம். தள்ளுபடி மட்டும் கிடையாது.

கோவையிலிருந்து நீலகிரிக்கு ஏறும் பாதையின் வரலாறும், மலையேறக் கற்றுக்கொண்ட மிதிவண்டியின் வரலாறும் இந்த விலையை யார் யார் எப்படிக் கொடுத்தார்கள் என்பதன் வரலாறே. வாருங்கள் நண்பர்களே, கற்பனையில் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கோவையை விட்டுப் புறப்படுவோம்.

முதலில் இறக்கம்

கவுண்டம்பாளையம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று ஊர்களைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்கிறோம். மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர். கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையமோ சுமார் 326 மீட்டரில் இருக்கிறது. மலைக்குப் புறப்பட்டவர் முதலில் 80 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறார்! காலை நேரத்தில் கால்கள் களைப்பின்றிச் சுழலும். சைக்கிளைப் போல எளிய வாகனம் உலகில் உண்டோ என்று தோன்றும்.

இந்த வாகனம் இன்றைய உருவத்தை அடைந்து ஒன்றரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களையும், பின்சக்கரத்தைச் சங்கிலியால் சுழற்றும் அமைப்பையும் கொண்ட வண்டியைச் செய்தார். 1888-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இவ்விரண்டும் இணைந்தபோதுதான் சைக்கிள் சாதாரண மனிதனின் வாகனம் ஆயிற்று.

நம் நாட்டில் விடுதலைக்குப் பின் சைக்கிள் தொழில் வேகமாக வளர்ந்தது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழிற்சாலை கண்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கப்பட்டது. ஷிப்டு மாறும் நேரத்தில் பஞ்சாலை வாசல்களில் திரண்ட சைக்கிள் கூட்டத்தை நினைவில் வைத்திருப்போர் இன்றும் கோவையில் பலர் உண்டு. கேரியரில் பால் கேனும், காய்கறி மூட்டையும், சாப்பாட்டுத் தூக்கும் ஏறின. கனமான இரும்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், கம்பிப் பிரேக்கு, ஒரே ஒரு பற்சக்கர விகிதம் ஆகியவை அதன் இலக்கணம். சமவெளிக்கு அது பொருத்தமான வண்டி. மலை என்று ஒன்று இருப்பதை எண்ணி அது செய்யப்படவில்லை.

தோளில் ஏறிய காலம்

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைக் கடந்தால் பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சி. எட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் கல்லாறு. நிமிர்ந்து பார்த்தால் எதிரே சுவர் போல நீலமலை நிற்கிறது. இந்தச் சுவரில் முதலில் ஏறியவர் யார்?

தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் ஆகிய மக்கள் தமக்குரிய ஒற்றையடித் தடங்களில் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கி வந்தனர். கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு மலைமேல் சென்றார். அங்கே நிலவிய குளிர்ச்சி அவரைக் கவர்ந்தது. ஆங்கிலேயர் தங்கும் ஊராக உதகையை வளர்க்கத் தலைப்பட்டார். பாதை வேண்டுமல்லவா? 1821 முதல் 1823 வரை லெப்டினன்ட் மெக்ஃபர்சன் என்பவரின் மேற்பார்வையில் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. பின்னர் சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டன் காலத்தில் குன்னூர் வழியாக ஒரு பாதை 1830-இல் தொடங்கி 1832-இல் முடிக்கப்பட்டது. அதன் தடத்தைக் குறித்தவர் லெ ஹார்டி என்ற அதிகாரி. வெட்டியவர்கள் ‘பயனியர்’ எனப்பட்ட படைத் தொழிலாளர்கள்.

அக்காலத்தில் துரைமார்கள் மலைக்கு எப்படிச் சென்றார்கள் தெரியுமா? ஆட்களின் தோளில்! 1834-ஆம் ஆண்டில் மெக்காலே சென்னையிலிருந்து மைசூர் வழியாக உதகைக்கு வந்தார். ஏறக்குறைய 400 மைல் தூரத்தையும் பல்லக்குத் தூக்கிகளே அவரைச் சுமந்து கடந்தார்கள். அவருடைய எடைக்கும் மலையின் உயரத்துக்கும் உரிய வேலை முழுவதையும் செய்த அந்த ஆட்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

அடிவாரக் காடு இன்னொரு விலையையும் கேட்டது. அது மலேரியாக் காய்ச்சல். கெட்ட காற்றினால் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலம் அது. நீலகிரியின் வடசரிவிலுள்ள சீகூர் மலைப்பாதையில் 1897-ஆம் ஆண்டு இந்தக் காய்ச்சலை ஆராய வந்த ரொனால்டு ராஸ் தாமே அதற்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியை அவர் கண்டறிந்தார். பாதை வெட்டிய கூலியாட்களின் காலத்தில் இந்த அறிவு யாருக்கும் இல்லை.

நீளமாக்கினால் எளிதாகும்

1832-இல் முடிந்த பாதை செங்குத்தானது. வண்டிகள் ஏறத் திணறின. ஆகவே வேறு தடத்தில் புதிய பாதை ஒன்று அமைக்கப்பட்டு 1871-இல் முடிவுற்றது. அதனை மேற்பார்த்த கர்னல் லா என்பவரின் பெயரைக் குன்னூருக்கு அருகிலுள்ள ‘லாஸ் அருவி’ இன்றும் தாங்கி நிற்கிறது. இன்று பேருந்துகள் செல்லும் மலைச்சாலைக்கு அதுவே அடிப்படை.

இந்தச் சாலை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிறது. வளைவு எதற்கு? கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 1,300 மீட்டர். நேராக ஏறினால் குரங்குதான் ஏறலாம். அதே உயரத்தைச் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்தில் பரப்பிவிட்டால், இருபது அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறும் சரிவு கிடைக்கிறது. இதுவே சாய்தளத் தத்துவம். தேவைப்படும் விசை குறைகிறது. கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் வரும் வேலையின் அளவு மாறுவதே இல்லை.

மேட்டில் சைக்கிள் ஓட்டும் சிறுவன் நேராக மிதிக்க முடியாதபோது என்ன செய்கிறான்? சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வளைந்து வளைந்து ஓட்டுகிறான் அல்லவா? கர்னல் லா மலையில் செய்ததை அவன் சாலையின் அகலத்துக்குள் செய்கிறான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் முழங்கால் சொல்லிக் கொடுத்தது!

ரயில் வேறு வழியைக் கண்டது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை இருப்புப் பாதை வந்துவிட்டது. அதற்கு மேல் மலையேற, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிகன்பாக் முதலியோர் ஆராய்ந்து திட்டம் தந்தனர். இறுதியில் 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ரயில் ஏறிற்று. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள அதே 1,300 மீட்டர் உயரத்தை ரயில் இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறுகிறது. சில இடங்களில் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் இவ்வளவு சரிவை ஏறினால் சக்கரம் வழுக்கும். ஆகவே நடுவே பற்கள் கொண்ட தண்டவாளத்தைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். சாலை நீண்டு ஏறுகிறது. ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. விலை என்னவோ ஒன்றுதான்.

நூறு வாட் மனிதன்

இப்போது நம் சைக்கிள் கல்லாற்றில் நிற்கிறது. ஏறலாமா? ஏறுமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓட்டுபவர் எடை 65 கிலோ. சைக்கிள் 20 கிலோ. ஆக 85 கிலோ. 1,300 மீட்டர் உயர்த்த வேண்டும். 85 × 9.8 × 1,300 = ஏறத்தாழ 10 இலட்சத்து 83 ஆயிரம் ஜூல். மூன்று மணி நேரத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 100 ஜூல். அதாவது 100 வாட். பழைய மின்விளக்கு ஒன்றை எரிக்கும் ஆற்றலைக் கால்கள் மூன்று மணி நேரம் விடாமல் கொடுக்க வேண்டும். நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகப் போகிறது. எனவே இந்த ஏற்றத்துக்குச் சுமார் 1,000 கிலோ கலோரி உணவு செலவாகும். இட்லிக் கணக்கில் ஏறக்குறைய இருபது! சக்கர உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஆகும் செலவு தனி.

இந்த ஆற்றல் உடல்நலமுள்ள மனிதனுக்கு எட்டாததன்று. பிறகு ஏன் நம்முடைய வழக்கமான சைக்கிளில் இந்த மலையை ஏற முடிவதில்லை? சிக்கல் பற்சக்கரத்தில் இருக்கிறது.

முன்பக்கப் பெரிய சக்கரத்தில் 44 பல்லும் பின்பக்கச் சிறிய சக்கரத்தில் 18 பல்லும் கொண்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் முன்னே போகும். மூன்று மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் ஏறும் வேகத்துக்கு நிமிடத்துக்கு 26 சுற்றுகளே வரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பெடலின் மேல் சராசரியாக 22 கிலோ அழுத்தம் இடைவிடாமல் இருக்க வேண்டும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலால் அழுத்தவே முடியாது. ஆகவே மற்ற நேரத்தில் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். எழுந்து நின்று முழு உடலையும் போட்டு மிதிக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் தாங்கலாம். மூன்று மணி நேரம்?

இப்போது முன்னும் பின்னும் 34 பல் இருக்கும்படி மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.2 மீட்டர்தான் நகரும். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 63 சுற்றுகள் வேண்டும். அழுத்தமோ சராசரியாகச் சுமார் 9 கிலோ மட்டுமே. முதல் வண்டியில் குன்னூர் சேர 4,600 சுற்று. இரண்டாவதில் ஏறத்தாழ 11,300 சுற்று. சுற்று கூடுகிறது, சுமை குறைகிறது. சாலையில் கொண்டை ஊசி வளைவு செய்யும் அதே காரியத்தைச் சைக்கிளுக்குள் பற்சக்கரம் செய்துவிடுகிறது. கியர் என்பது மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட மலைப்பாதை எனலாம்.

மானப் பிரச்சினையான பற்சக்கரம்

இவ்வளவு எளிய கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட எத்தனை காலம் பிடித்தது என்பதுதான் வியப்பு. பிரான்சு நாட்டின் செயின்ட் எட்டியன் நகரில் பால் தெ விவி என்பவர் வாழ்ந்தார். ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதியவர். சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தியவர். மலைகள் சூழ்ந்த ஊர் அல்லவா? நெடுந்தூர மலைப் பயணங்களில் தாமே சோதித்து, ஒரு வண்டிக்குப் பல கியர்கள் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1930-இல் மறையும் வரை அவர் அந்தக் கொள்கையை விடவில்லை. இங்கிலாந்திலும் 1902 முதல் மூன்று வேகங்கள் கொண்ட அச்சுக்குடம் விற்பனைக்கு வந்துவிட்டது.

ஆனால் 1903-இல் தொடங்கிய ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயத்தின் அமைப்பாளர் ஆன்றி தெக்ராஞ்ச் இதை ஏற்கவில்லை. கியர் மாற்றுவது வயதானவர்களுக்கும் வலுவற்றவர்களுக்கும் உரியது. வீரனுக்கு இழுக்கு என்பது அவர் கருத்து. 1910-இல் பிரெனே மலைத்தொடர் முதன்முறையாக அந்தப் பந்தயத்தின் பெரும் சோதனையாக அமைந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் அவ்வாண்டின் வெற்றி வீரர் லாப்பிஸ் உட்பட வீரர்கள் சில இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. அந்தக் கணவாய் நம் உதகையை விடத் தாழ்ந்தது என்பதைக் கவனியுங்கள்! பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்தி, மலையடிவாரம் வந்ததும் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறுவார்கள். 1937-இல்தான் ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கருவி அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது. தன் காலின் வலிமையை அளவிட விரும்பிய மனிதன் மலையின் கணக்கை மறந்தான் என்பதே இதன் பொருள்.

நம் நாட்டிலோ மானப் பிரச்சினை ஏதுமில்லை. விலைப் பிரச்சினையே இருந்தது. ஒரே விகிதம் கொண்ட வண்டி மலிவு. தெருமுனைக் கடையில் பழுது பார்க்கலாம். ஆகவே பால் கேனோடு மேடேறும் தொழிலாளி இறங்கித் தள்ளினார். நடந்து தள்ளினாலும் உயரத்தின் விலையில் ஒரு காசும் குறைவதில்லை. தம் உடலோடு சைக்கிளையும் சுமையையும் அவரேதான் மேலேற்றுகிறார். சமவெளியில் பெருகிய அளவுக்கு மலையூர்களில் சைக்கிள் பெருகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேலே போகப் போகக் குளிர்வது ஏன்?

பர்லியாறு வந்துவிட்டது. பலா மரங்களும், நிழலும், ஈரக் காற்றும். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. 100 வாட் வேலை செய்யும் உடல் அதனோடு ஏறத்தாழ 300 வாட் வெப்பத்தையும் உண்டாக்குகிறது என்று முன்னர் கண்ட கணக்கே சொல்லுகிறது. அதை வெளியேற்றவே இந்த வியர்வை.

மேலே செல்லச் செல்லக் குளிர் கூடுகிறது. சூரியனுக்கு அருகில் போகிறோமே, சூடு கூட வேண்டாமா என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்துதான் வெப்பம் பெறுகிறது. மேலெழும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்தில் 32 பாகை இருந்தால், 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் சுமார் 20 பாகைதான் இருக்கும். ஒரே நாளில், ஒரே சட்டையோடு, பன்னிரண்டு பாகையைக் கடக்கிறோம்! காற்றழுத்தமும் உதகையில் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் நாலில் மூன்று பங்கே. மூச்சு வாங்குவதற்கு மேடு மட்டுமே காரணமன்று.

குளிர்ந்த காற்று நீராவியைத் தாங்காது. ஆகவே சரிவில் ஏறும் ஈரக் காற்று ஓர் உயரத்தை அடைந்ததும் மேகமாகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது மலையை மூடிய மேகம். உள்ளே ஓட்டுபவருக்கு அதுவே மூடுபனி.

இந்த மலைக்கு மழை இருவேறு திசைகளிலிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவைத் தாக்குகிறது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பகுதிகளில் கொட்டித் தீர்க்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்கு வருவது பெரும்பாலும் காற்றும் சாரலுமே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. கோவை நகரில் ஓர் ஆண்டு முழுதும் பெய்வதை விட அது அதிகம்! அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றோ வங்கக் கடலிலிருந்து வந்து, கிழக்கு நோக்கிய குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மோதுகிறது. நாம் ஏறிக்கொண்டிருக்கும் சாலை இந்தச் சரிவில்தான் இருக்கிறது. 2009 நவம்பர் 10-ஆம் நாள் அறிக்கையில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. ஆகவே ஒரு பருவத்தில் பாதுகாப்பான சாலை மறு பருவத்தில் ஆபத்தாகிறது. நாட்காட்டியைப் பார்க்காமல் இந்த மலையில் கால் வைக்கலாகாது.

இறக்கத்தில் இருக்கிறது ஆபத்து

ஏறும்போது கொடுத்த விலை இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. அதைப் பெற்றுக்கொள்வதில்தான் உயிராபத்து. நாம் சேமித்த பத்து இலட்சத்துச் சொச்சம் ஜூல் ஆற்றலையும் காற்றுத் தடையிலும் பிரேக்கிலும் வெப்பமாகக் கழித்தாக வேண்டும். மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. கழிக்காவிட்டால் அது வேகமாக மாறும்.

மழையில் நனைந்த இரும்புச் சக்கர விளிம்பில் ரப்பர்க் கட்டையின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி உலர்ந்த நிலையில் 15 மீட்டரில் நிற்குமென்றால், பிடிப்பு நாலில் ஒரு பங்கானால் நிற்க 60 மீட்டர் வேண்டும். அடுத்த கொண்டை ஊசி வளைவு அதற்கு முன்பே வந்துவிடலாம்.

இன்னொரு பகை குளிர். ஏறும்போது 300 வாட் அடுப்பாக இருந்த உடல் இறங்கும்போது வேலை செய்வதில்லை, அடுப்பு அணைந்துவிட்டது. சட்டையோ ஈரம். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்த வல்லது. மேலே எதிர்க்காற்று வேறு. பதினைந்து பாகைக் குளிரிலும் விரல்கள் விறைத்துப் போகலாம். விறைத்த விரல் பிரேக்கை அழுத்தாது. 1927-இல் இத்தாலியின் மலைக் கணவாய் ஒன்றில் நடந்த பந்தயத்தில், துல்லியோ கம்பன்யோலோ என்ற வீரர் குளிரில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் திருகைக் கழற்ற முடியாமல் பின்தங்கினார் என்றும், அதனால்தான் நெம்புகோலைத் தள்ளியவுடன் சக்கரம் விடுபடும் அமைப்பை உருவாக்கினார் என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. ஐரோப்பிய வீரர்கள் மலையுச்சியை அடைந்ததும் பழைய செய்தித்தாளைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வார்கள். தாள்களுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தைக் காக்கும். நம்மவர்களும் கைக்கொள்ளத்தக்க செலவில்லாத வழி இது. உலர்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

மலை கொடுத்த விலை

2008-ஆம் ஆண்டு தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தின் வழியாகப் பலர் இந்த மலைகளைச் சுற்றி வந்திருக்கிறார்கள். மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளோடு உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதை அவர்களுக்குப் பெரும் சோதனை. இன்று 20 கிலோவுக்குப் பதிலாகப் பத்துக் கிலோ எடையுள்ள வண்டிகளும் பல கியர்களும் வந்துவிட்டன. வெலோசியோவின் கணக்கு வென்றுவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கில் இன்னும் ஒரு வரி எழுதப்பட வேண்டும். சாலையை நீட்டினால் ஏற்றம் எளிதாகும் என்றோம். நீட்டிய சாலையின் ஒவ்வொரு மீட்டருக்கும் மலையின் அடிவயிற்றைக் கீறவேண்டும். சரிவைத் தாங்கி நின்ற மண்ணும் பாறையும் அகற்றப்படுகின்றன. மழைநீரின் இயல்பான வடிகால் தடைப்படுகிறது. நீர் ஊறிய மண்ணின் எடை கூடும்; மண் துகள்களுக்கிடையேயுள்ள பிடிப்புத் தளரும். வடகிழக்குப் பருவ மழை வலுக்கும் நவம்பர் மாதத்தில் அந்தச் சரிவு ஒருநாள் இடிந்து இறங்குகிறது. 1993 நவம்பரில் இதே குன்னூர்ச் சாலையில் மரப்பாலத்துக்கு அருகே நிலம் சரிந்து பேருந்துப் பயணிகள் உட்படப் பலர் மாண்டனர். 2009 நவம்பரிலும் மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல்லக்குத் தூக்கியின் தோளிலிருந்து நாம் இறக்கிய சுமையில் ஒரு பகுதியை மலையின் மீது வைத்திருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. சாலையை இன்னும் அகலப்படுத்த நினைக்கும்போதும், சரிவில் புதிய கட்டடம் எழுப்பும்போதும், வடிகாலை மண்மூடவிடும்போதும் இந்தக் கணக்கு நினைவுக்கு வரவேண்டும்.

மலையும் நமக்குத் தராமல் இல்லை. 1932-ஆம் ஆண்டு பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கியது. 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழும் நீர், தன் உயரத்தின் விலையை மின்சாரமாகத் திருப்பிக் கொடுத்தது. அந்த நீரைச் சூரியன் கடலிலிருந்து ஆவியாக உயர்த்த, பருவக்காற்று மலைமேல் சுமந்து வந்து சேர்த்திருந்தது. அந்த மின்சாரத்தால் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. அதே மின்சாரம் கிணறுகளுக்கு மோட்டாராக வந்தது. கவலைத் தடத்தில் எருதுகள் ஏறி இறங்கியது மெல்ல மெல்ல நின்றது.

அடுத்த முறை நீங்கள் பேருந்தில் உதகைக்குச் செல்லும்போது பர்லியாற்றுக்கு மேல் எங்கேனும் ஒரு சைக்கிள்காரர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால் சன்னலுக்கு வெளியே சற்று நோக்குங்கள். அந்த மலையின் உயரத்துக்குத் தன் உடம்பாலேயே விலை கொடுத்துக்கொண்டிருப்பவர் அவர். அவருக்கு வழிவிடச் சொல்லி ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்களே ஏற விரும்பினால், நல்ல பிரேக்கு, சிறிய கியர், உலர்ந்த சட்டை, வானிலை அறிக்கை ஆகிய நான்கையும் சரிபார்த்த பிறகு கல்லாற்றைக் கடந்து மேலே செல்லுங்கள்.